கைராசிக்காரி

என் தங்கைக்கு இடது கையில் ஆறு விரல் என்று சொன்னால் போதும், உடனே "அட, அதிர்ஷ்டமாச்சே" என்பார்கள். போன வாரம்கூட ஒருவர் சொன்னார். நன்றாகப் படித்தவர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வந்த எரிச்சலில், குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதில் சொல்லும் பொறுமையெல்லாம் எனக்குப் பதினேழு வயதிலேயே தீர்ந்துபோய்விட்டது.

அறுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவள் பிறந்தாள். எனக்கு ஐந்து வயது. சுண்டு விரலை ஒட்டிக் குட்டியாக இன்னொரு விரல், நகத்தோடு இருந்தது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, "நூல் போட்டு இறுக்கிக் கட்டிட்டா ஒரு வாரத்துல தானா விழுந்துரும்லா" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "வீடு தேடி வந்த லெச்சுமிங்க. அதக் கட்டி அறுக்கச் சொல்றீங்களே" என்றார். டிரெஸ்ஸர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கால்களிலும்கூட ஆறாறு விரல்கள்தான். ஆனால் காலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராசி என்றால் கைக்குத்தான்.

அந்த வருஷம் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வெயிலிலும் மழையிலும் மலைச்சரிவில் நின்றவர் கூரைக்கு அடியில் போய்விட்டார். அவ்வளவுதான், விரலின் மகிமை லயம் முழுக்கப் பரவிவிட்டது. அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து ஊரில் எதை ஆரம்பித்தாலும் அவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். செடிகளைக் கவ்வாத்து வெட்டி, மறுபடி துளிர் விட்டதும், அந்த மலையில் முதல் கொழுந்து கிள்ளுவது அவள்தான். கங்காணி கற்பூரம் கொளுத்திவிட்டுக் குனிந்து நின்று, "கிள்ளு தாயி, அந்தச் சின்ன விரலும் பட்ற மாதிரி கிள்ளு" என்று கெஞ்சுவார். வாரக் கடைசியில் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் எண் எழுதிய துண்டுச் சீட்டுகளை அவள் முன்னால் பரப்பி, ஒன்றைத் தொடச் சொல்வார்கள். விழுந்தால் அவள் ராசி. விழாவிட்டால் அவளைத் தூக்கி வந்தவன் குளிக்காமல் வந்திருப்பான். இப்படித்தான் கணக்கு.

இதில் என் வேலை என்ன என்றால், கூடவே போவது. "தங்கச்சி கையப் புடி", "தங்கச்சிய உடாத", "தங்கச்சி எங்க". என் பெயரே வீட்டில் மறந்துபோயிருக்கும். எனக்கு இரண்டு கையிலும் ஐந்தைந்து விரல்கள்தானே, என்னைக் கூப்பிட்டு யார் எதை ஆரம்பிக்கப்போகிறார்கள்?

அவள் குண்டாகவும் இருந்தாள். சாதாரணக் குண்டு இல்லை. மூன்று வயதில் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். எந்நேரமும் பசி. தன் ரொட்டியைத் தின்றுவிட்டு என் ரொட்டியைப் பார்ப்பாள். நான் திரும்பினால் அது இருக்காது. அம்மாவிடம் சொன்னால், "ராசிக்காரப் புள்ள, தின்னட்டும்லா, வீடு நெறைஞ்சு கெடக்கும்" என்பாள். கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் எல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளி, "ஒங்க வீட்டுல மட்டும் எப்படிக்கா இப்படி வளக்குறீங்க" என்று கேட்க, அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

ஆறு ஏழு வயதில் அவள் விழ ஆரம்பித்தாள். பொழுது சாயும்போது வாசலில் வைத்திருந்த வாளியில் இடித்துக்கொள்வாள். படுத்திருக்கும் நாயை மிதித்துக் கடி வாங்குவாள். லயத்தின் முன்னால் சாக்கடை ஓடும்; எங்கள் பக்கம் அதை லோங்கான் என்போம். பிறந்ததிலிருந்து அதே இடத்தில் இருக்கிற லோங்கான். அதற்குள் வாரம் ஒரு முறையாவது விழுந்து எழுந்து வருவாள். அந்தப் பாவாடையைத் துவைப்பது யார்? நான்தான். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் கை விறைத்துப்போக நான் துவைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது தின்றுகொண்டு, "தெரியலக்கா" என்பாள். வேறு ஒரு வார்த்தை வராது.

அம்மா மறுபடி டிரெஸ்ஸரிடம் அழைத்துப்போனாள். "மாலைக்கண்ணு. சத்துக் கொறைச்சல்" என்று மீன் எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்தார். சத்துக் குறைச்சலாம். அந்த உடம்பை நேரில் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னார். நான் அவள் பக்கத்தில் குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட எழுதித் தரவில்லை. அதிலிருந்து பிரிஞ்சாங் சந்தையிலிருந்து வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் வந்தது. அவள் ஈரலைத் தின்றாள், கீரையைத் தின்றாள், மீன் எண்ணெயையும் முகம் சுளிக்காமல் குடித்தாள். இன்னும் குண்டானாள். லோங்கானில் விழுவது மட்டும் நிற்கவில்லை.

பிறகு பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் ஒருத்தி வந்து சுவரில் அட்டையை மாட்டிக் கண் பார்த்தாள். என் தங்கை மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை ஒன்று விடாமல் படித்தாள். நானே இரண்டு எழுத்தில் தடுமாறினேன். பார்வை நன்றாக இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அந்தச் சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார். இனி எவனாவது என் மகளுக்குக் கண்ணில் கோளாறு என்று சொல்லட்டும் என்பது அவர் எண்ணம்.

அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம் போய்விட்டது. இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஊசியில் நூல் கோக்கக் கிழவிகள் எல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அரிசியில் கிடக்கிற கல்லை ஒரே பார்வையில் எடுத்துவிடுவாள். ஆனால் பக்கத்தில் நீட்டுகிற தட்டு தெரியாதாம். அதைவிட, தேயிலைக்குள் அவள் ஒரு நாளும் விழுந்ததில்லை. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குச் செடிகள். அவற்றைத் தொட்டுக்கொண்டே பாதையில் விறுவிறுவென்று நடப்பாள். மூடுபனி இறங்கி, எதிரே வருகிறவர் தெரியாமல் நாங்கள் எல்லாம் தடவிக்கொண்டு நிற்கிற நாட்களில், அவள் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள். அங்கே தெரிகிற கண் லயத்து வாசலில் மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். பதில் அதே "தெரியலக்கா" தான்.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். பிரிஞ்சாங்கில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, அந்தி மயங்குகிற நேரம். கூட்டத்தில் என் கையை உதறிக்கொண்டு பலகாரக் கடையைப் பார்த்துப் போனாள். நேரே போய் ஒரு சீனக் கிழவியின் முட்டைத் தட்டுகளில் மோதினாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த தட்டுகள் சரிந்து, தரையெல்லாம் மஞ்சளாக ஓடியது. கிழவி கத்தினாள். ஊரே திரும்பிப் பார்த்தது. இவளோ அந்த மஞ்சளில் நின்றுகொண்டு, பலகாரக் கடை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அத்தனை பேர் முன்னாலும் அவளை ஓங்கி அறைந்தேன். அடி பக்கவாட்டில் வந்தது; கை கன்னத்தில் படுகிற வரை அவள் கண்ணை மூடவே இல்லை. அது ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பெரும் பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் அவளுக்குக் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது அப்பா இல்லை, அம்மா இல்லை, நான் இல்லை, டிரெஸ்ஸரும் இல்லை. கியா பார்ம் என்ற இடத்தில் கோசும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரர். எங்களுக்குச் சொந்தமும் இல்லை. ஒரு தடவை இவள் கையால் விதை தூவி, அந்த முறை கோசு நன்றாக விளைந்துவிட்டது. அதோடு பிடித்துக்கொண்டார். நாற்றங்காலுக்கு விதை போடும் நாளெல்லாம் லோரியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுவார். அவளை முன்னால் உட்கார வைத்து, கூடவே காவலுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்.

எனக்குப் பதினேழு, அவளுக்குப் பன்னிரண்டு. அன்று மேகமூட்டமான காலை. விதைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துப் பாத்தியின் முனையில் நிறுத்திவிட்டு, அவர் தண்ணீர்க் குழாயைத் திருகப் போனார். நான் வரப்பில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் சத்தம் போடாமல் நின்றுவிட்டார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, அவள் அவ்வளவு விதையையும் நடைபாதையில் ஒரே சீராகத் தூவிக்கொண்டு போனாள். பாத்தி அவளுக்கு இடது பக்கம், ஒரு முழ தூரத்தில் இருந்தது.

நான் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு எழுந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தன் தொப்பியைக் கழற்றி, அவள் காதுக்குப் பக்கத்தில் மேலும் கீழும் ஆட்டினார். அவள் திரும்பவில்லை. கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். "என்னங்க மாமா?" என்று சிரித்தாள்.

"ஏம்மா," என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "இந்தப் புள்ளைக்கு சைடு தெரியலன்னு உங்க வீட்டுல யாருக்குமே தெரியாதா?"

பன்னிரண்டு வருஷமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். விதை வீணாய்ப்போன ஒருவர் ஒரு தொப்பியை ஆட்டிக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அவர் மேல்கூடக் கோபம் வந்தது.

அவரே வீட்டுக்கு வந்து, கீழே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தன் காய்கறி லோரியில் கூட்டிப்போவதாகச் சொன்னார். அப்பா மறுத்தார். "அங்க போனா மொதல்ல விரலத்தான் வெட்டுவானுங்க."

"வெட்டாம நான் பாத்துக்குறேன்லா. கண்ணப் பாத்துட்டு வந்துரலாம்."

அம்மா அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். எனக்கு அடுத்து பன்னிரண்டு வருஷம் எதுவும் தங்கவில்லை என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு... எனக்கு அடுத்து அல்ல, இவளுக்கு அடுத்து. இவளைச் சொல்லாமல் கணக்குப் போடுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இனியாவது ஆண் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மலைப்பாதை வளைவுகளில் அடிவாரத்துத் தாப்பா போய்ச் சேர்வதற்குள் அம்மா நாலு தடவை வாந்தி எடுத்தாள். தங்கை வழியெல்லாம் கச்சான் கடலை தின்றுகொண்டு வந்தாள்.

டாக்டர் சீனர். மலாயில் பேசினார். பள்ளியில் படித்தவள் என்பதால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பா முதல் காரியமாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். அவள் கண்ணுக்குள் விளக்கு அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அவள் இடது கையை எடுத்து மேசை மேல் விரித்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தார். எப்போதிருந்து குண்டு, எப்போதிருந்து பசி என்று கேட்டார். நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அவர் வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

விரலும், உடம்பும், பசியும், கண்ணும் எல்லாம் ஒரே நோய் என்றார். நீளமாக ஒரு பெயர் சொன்னார். கண்ணின் உள்திரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, நடுவில் மிச்சம் இருக்கிற இத்தனூண்டு இடத்தால்தான் அவள் அட்டையைப் படித்தாள், அதுவும் இன்னும் சில வருஷத்தில் போய்விடும், மருந்து இல்லை. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி என்னிடம் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதன் வழியாகப் பார் என்றார். அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. அப்படியே ஒரு எட்டு எடுத்து வைத்தேன், நாற்காலியில் முழங்கால் இடித்தது.

அப்பா, "என்ன சொல்றாரு?" என்றார். சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டார். இது அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வருவது, அவர்கள் உடம்பில் எதுவும் வெளியே தெரியாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வர இடம் இருக்கிறது என்றார். அதையும் சொன்னேன். அப்பா விரல் விட்டு எண்ணினார்.

"நாலுல ஒண்ணுதானே. அந்த ஒண்ணுதான் வந்துருச்சே. இனிமே வராதுன்னு சொல்லு."

"அப்படியில்லப்பா. ஒவ்வொரு தடவையும் புதுசா..."

"நாலு நம்பருல ஒரே நம்பரு ரெண்டு தடவ அடுத்தடுத்து விழுமா?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று மலாயில் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட அதிகமாக உட்கார என்னால் முடியவில்லை.

திரும்பும்போது லோரியில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பவே நூல் போட்டுக் கட்டியிருந்தா கண்ணு பொழைச்சிருக்குமா?" இல்லை என்றேன். ரிங்லெட் வருவதற்குள் அதையே நாலு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன், கடைசியில் கத்தியே சொன்னேன். தங்கை என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அல்லது தூங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு பகல் பொழுதில், தோட்டத்து மருந்தகத்தில் அம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தேன். அதற்குள் அவளுக்கு உச்சி வெயிலிலும் என் முகம் முழுதாகத் தெரியாமல் போயிருந்தது. மூக்கு, வாய் என்று துண்டு துண்டாகத் தேடுவாள். பிரசவத்துக்குத் துணை போன பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வாயெல்லாம் பல்லாக, "ஆம்பளப் புள்ள. அதோட ஆறு வெரலு. ரெண்டு கையிலயும். அக்காகாரியவே தூக்கிச் சாப்ட்டுட்டான்" என்றாள்.

செய்தி எப்படித்தான் ஓடியதோ, கால் மணி நேரத்தில் பாதி லயம் வந்துவிட்டது. கங்காணி அப்பாவின் தோளைத் தட்டினார். "ஒனக்கென்னப்பா, வீட்டுல ரெண்டு லெச்சுமி கடாட்சம்." அப்பா சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவரை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"டாக்டர் சொன்னது நெனப்பு இருக்காப்பா இல்லையா?"

"இருக்கு."

"அப்பறம் என்ன சிரிப்பு?"

அப்பா கையில் இருந்த இனிப்புத் தட்டைப் பார்த்தார். "புள்ள பொறந்திருக்கு. ஊரே வந்து நிக்குது. வேற என்னம்மா செய்யச் சொல்ற?" என்றார். அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப லோரியில் ஏறும்போதே புரிந்திருக்கிறது. நான்தான் அவரை முட்டாள் என்று நினைத்து நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தங்கை கட்டிலைத் தடவிக்கொண்டு போய்த் துணிச் சுருளைக் கண்டுபிடித்தாள். உள்ளே கையை விட்டு, தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஆறு வந்தது. இன்னொரு கையையும் எண்ணினாள். எண்ணிவிட்டு அந்தக் கையைத் துணிக்குள் வைத்து மூடினாள்.

"அக்கா" என்றாள். நான் நின்றிருந்த பக்கம் அவள் திரும்பவில்லை, எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. "அன்னிக்கு லோரியில நான் தூங்கலக்கா."

நான் அவள் கண்ணுக்கு நேரே போய் நின்றேன்.

"இவன் விழுந்தா அடிக்காதக்கா" என்றாள்.